வகுப்புக்குப் போகாமல் நல்ல மதிப்பெண் வாங்க முடியுமா? 75 சதவீத விதியின் பின்னணி

2025 நவம்பர் 3 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்பு வழங்கியது. வருகை குறைந்துவிட்டது என்ற காரணத்துக்காகச் சட்டக் கல்லூரி மாணவர் யாரையும் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்பது அதன் மையம். செய்தி கைமாறக் கைமாற, "கோர்ட்டே சொல்லிவிட்டது, இனி அட்டெண்டன்ஸ் வேண்டாம்" என்று சுருங்கிவிட்டது. பொறியியல், கலை அறிவியல் மாணவர்களும் இது தங்களுக்குப் பொருந்துமா என்று கேட்கிறார்கள். பெற்றோருக்கு வேறு கவலை. வகுப்புக்கே போகாமல் பிள்ளை எப்படித் தேறும்?

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

1. வகுப்புக்கு வராத மாணவரைத் தேர்வு எழுதவிடாமல் நிறுத்துவது சரியா?
2. வகுப்புக்கு வந்தால்தான் நன்றாகப் படிக்க முடியுமா?

முதல் கேள்வி தண்டனையைப் பற்றியது, இரண்டாவது கற்றலைப் பற்றியது. நீதிமன்றம் பதில் சொன்னது முதல் கேள்விக்கு. இரண்டாவதற்கான பதிலைக் கல்வி ஆய்வுகளில்தான் தேட வேண்டும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

தீர்ப்பு என்ன சொன்னது

வழக்கின் தொடக்கம் 2016. டெல்லியில் ஒரு சட்ட மாணவர், வருகைக் குறைவால் தேர்வு எழுத அனுமதிக்கப்படாத நிலையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உச்ச நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, பிறகு டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. நீதிபதிகள் பிரதிபா எம். சிங், அமித் சர்மா அமர்வு தீர்ப்பளித்தது.

இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் 12-ஆம் விதி, ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்கிறது. தகுந்த காரணம் இருந்தால் 65 சதவீதம் வரை விலக்கு தரலாம். இந்த விதியை மறுபரிசீலனை செய்யும்படி நீதிமன்றம் பார் கவுன்சிலிடம் சொன்னது. அதுவரைக்குமான ஏற்பாடுகளில் முக்கியமானவை இவை:

1. வருகைக் குறைவுக்காகத் தேர்வையோ அடுத்த செமஸ்டருக்குப் போவதையோ தடுக்கக் கூடாது.
2. பார் கவுன்சில் சொன்ன அளவைவிடக் கூடுதலான வருகையைக் கல்லூரிகள் கேட்கக் கூடாது.
3. வருகை விவரத்தை வாராவாரம் மாணவருக்கும், குறைவாக இருந்தால் மாதாமாதம் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும். குறைவாக உள்ளவர்களுக்குக் கூடுதல் வகுப்பு நடத்த வேண்டும்.
4. அதன் பிறகும் குறைந்தால் தேர்வு முடிவில் அதிகபட்சம் 5 சதவீத மதிப்பெண்ணைக் குறைக்கலாம்.

அதாவது வருகைப்பதிவேடு அப்படியே இருக்கிறது, தண்டனைதான் இறங்கியிருக்கிறது. தீர்ப்பு பேசுவதும் சட்டக் கல்லூரிகளைப் பற்றி மட்டுமே. பொறியியல் மாணவருக்கும் மருத்துவ மாணவருக்கும் அவரவர் விதிகள் இருக்கின்றன.

75 சதவீதம் என்றால் எத்தனை வகுப்பு

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2003-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, தேர்வு எழுதத் தேவையான வருகையைப் பல்கலைக்கழகங்களே நிர்ணயிக்கலாம், ஆனால் அது பொதுவாக 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்றது. அண்ணா பல்கலைக்கழக விதிகளிலும் 75 சதவீதம்தான். மருத்துவம், விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்கள் இருந்தால் 65 வரை விலக்கு உண்டு. எம்.பி.பி.எஸ். படிப்பில் பாட வகுப்புக்கு 75, செய்முறைக்கும் மருத்துவமனைப் பயிற்சிக்கும் 80.

மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு ஒரு செமஸ்டரில் 45 வகுப்புகள் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதம் வர 34 வகுப்புகளில் இருக்க வேண்டும். ஆக, 11 வகுப்புகளை எந்தக் காரணமும் சொல்லாமல் விடலாம். 30 முதல் 33 வரை வந்தவர் மருத்துவச் சான்றிதழோடு அலைய வேண்டும், வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டோனேஷன் கட்டணம் கட்ட வேண்டும். 30-க்குக் கீழே போனால் டிடெயின், அந்த செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டியதுதான். சில இடங்களில் இந்தக் கணக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக, சில இடங்களில் செமஸ்டர் முழுவதற்கும் சேர்த்து. இது தெரியாமல் ஒரே பாடத்தைத் தொடர்ந்து கட் அடித்து மாட்டிக்கொள்கிற மாணவர்கள் உண்டு.

இந்த 75 எங்கிருந்து வந்தது? 74 சதவீதம் வந்தவர் பாடத்தில் பலவீனமானவர், 76 சதவீதம் வந்தவர் பலமானவர் என்று யாரும் அளந்து சொன்னதில்லை. நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு அது. கோடு எங்காவது இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அதற்குக் கற்றலை அளக்கும் கருவியின் மதிப்பைக் கொடுத்துவிட்டோம்.

விரிவுரை பிறந்த காரணம்

ஆங்கிலத்தில் விரிவுரையைக் குறிக்கும் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் 'வாசித்தல்' என்பது. பொலோனியா, பாரிஸ் போன்ற இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் புத்தகம் கையெழுத்துப் பிரதியாகத்தான் இருந்தது, விலையோ எட்டாத உயரம். ஆசிரியர் வாசித்து விளக்கினார், மாணவர்கள் கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள். 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் அச்சு வந்தபோதே அந்தக் காரணம் பலவீனமாகிவிட்டது. ஜெராக்ஸ், பிடிஎஃப், யூடியூப் எல்லாம் வந்த பிறகு, ஏட்டில் இருப்பதைக் கரும்பலகைக்கு மாற்றுவதற்காக மட்டும் அறுபது பேரை ஓர் அறையில் உட்கார வைக்கக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

ஆனாலும் விரிவுரை சாகவில்லை. தகவல் தருவதற்கும் அப்பால் அது வேறு சில வேலைகளைச் செய்துகொண்டிருந்தது என்பதுதான் அதற்கு விளக்கம். அவை என்ன என்று பார்க்கும் முன்பு, எண்கள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடலாம்.

ஆய்வுகள் காட்டுவது

மாணவர்கள் வகுப்பைத் தவிர்ப்பது நம்மூர் நோய் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பொருளியல் பேராசிரியர் டேவிட் ரோமர், 1993-இல் வெளியான ஆய்வுக்காக அமெரிக்காவின் பெயர்பெற்ற கல்வி நிறுவனங்களில் பொருளியல் வகுப்புகளைக் கணக்கெடுத்தார். எந்த நாளிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் வகுப்பில் இல்லை. வகுப்பைத் தவிர்ப்பவர்களுக்கும் தொடர்ந்து வருபவர்களுக்கும் இடையே மதிப்பெண்ணில் தெளிவான வித்தியாசமும் இருந்தது. வருகையைக் கட்டாயமாக்கிப் பார்க்கலாமே என்று அவர் எழுதியது பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

அதன் பிறகு வந்த விரிவான ஆய்வுகளில் ஒன்று 2010-இல் வெளியானது. மார்கஸ் கிரடேயும் அவரது சகாக்களும் அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாகக் கணக்கிட்டார்கள். வகுப்பு வருகைக்கும் அந்தப் பாடத்தின் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு 0.44. பள்ளி மதிப்பெண், நுழைவுத் தேர்வு மதிப்பெண், படிப்புப் பழக்கம் ஆகியவற்றைவிட வருகைதான் கல்லூரி மதிப்பெண்ணோடு நெருக்கமாக ஒட்டியிருந்தது.

இந்த 0.44-ஐப் புரிந்துகொள்ள வேண்டும். 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் வருகையைப் பார்த்தே மதிப்பெண்ணைச் சொல்லிவிடலாம். 0.44-ஐ வர்க்கப்படுத்தினால் 0.19. மாணவர்களுக்கிடையே உள்ள மதிப்பெண் ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வருகையோடு சேர்ந்து நகர்கிறது என்று இதைப் படிக்கலாம். கல்வி ஆய்வில் இது பெரிய எண். அதே சமயம் ஐந்தில் நான்கு பங்கு வேறு எங்கோ இருக்கிறது. எல்லா வகுப்புக்கும் வந்து அரியர் வைப்பவரும், பாதி வகுப்புக்கு வந்து முதல் வகுப்பில் தேறுபவரும் ஒரே கல்லூரியில் இருப்பதற்கு அந்த நான்கு பங்கில் நிறைய இடமிருக்கிறது.

அடுத்த சிக்கல் இன்னும் முக்கியமானது. சேர்ந்து நகர்வதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. பொறுப்புள்ள மாணவர் வகுப்புக்கும் வருவார், வீட்டிலும் படிப்பார். அவருடைய மதிப்பெண்ணுக்குக் காரணம் வகுப்பா, பொறுப்பா? உடல்நலமில்லாதவர், மனம் சோர்ந்தவர், இரவு வேலைக்குப் போகிறவர் வகுப்பையும் விடுவார், படிப்பையும் விடுவார். இவர்களை ஒப்பிட்டு வகுப்பின் பலனை அளக்க முடியாது.

இதைப் பிரித்துப் பார்க்க நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டாப்கின், கில், மேரியன் என்ற மூன்று பொருளியலாளர்கள். அவர்கள் ஆய்வும் 2010-இல் வெளியானது. இடைத்தேர்வு மதிப்பெண்ணை வரிசைப்படுத்தி, வரிசையின் நடுப்புள்ளிக்குக் கீழே வந்தவர்களுக்கு மட்டும் வகுப்பைக் கட்டாயமாக்கினார்கள். நடுப்புள்ளிக்கு ஒரு மதிப்பெண் மேலே இருப்பவரும் ஒரு மதிப்பெண் கீழே இருப்பவரும் திறமையிலோ பொறுப்பிலோ ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒருவருக்குக் கட்டாயம், மற்றவருக்கு இல்லை. இறுதித் தேர்வில் அந்த இருவருக்கும் இடையே வித்தியாசம் தெரிந்தால், அதை வகுப்பின் கணக்கில் எழுதலாம்.

வித்தியாசம் தெரிந்தது. வருகை 10 சதவீதப் புள்ளி கூடினால் இறுதித் தேர்வு மதிப்பெண் 0.17 திட்ட விலக்கம் அளவுக்குக் கூடியது. (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவுதான் திட்ட விலக்கம்.) உதாரணத்துக்கு, ஒரு வகுப்பில் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 15 என்றால், 45-இல் நாலைந்து வகுப்பு கூடுதலாக வந்தவருக்கு இரண்டரை மதிப்பெண் கூடும். அற்புதம் எதுவும் இல்லை. ஆனால் தேர்ச்சிக் கோட்டை ஒட்டி நிற்கிற மாணவருக்கு இரண்டரை மதிப்பெண் என்றால் அரியருக்கும் தேர்ச்சிக்கும் இடையே உள்ள தூரம்.

இத்தோடு முடிந்திருந்தால் கட்டாய வருகைக்கு வெற்றி என்று எழுதிவிடலாம். ஆனால் 2021-இல் வெளியான ஆய்வில் கபூர், ஊஸ்டர்வீன், வெபிங்க் ஆகியோர் நெதர்லாந்தின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இதேபோன்ற கோட்டைப் பயன்படுத்தி ஆராய்ந்தார்கள். முதலாண்டில் 10-க்கு 7-ஐவிடக் குறைவான சராசரி வாங்கியவர்களுக்கு இரண்டாம் ஆண்டு முழுவதும் சிறுகுழு வகுப்புகளில் கட்டாய வருகை. வருகை கூடியது, சராசரி மதிப்பெண்ணோ கூடவில்லை.

இரண்டு ஆய்வும் கவனமாகச் செய்யப்பட்டவை, முடிவு வேறுவேறு. எனக்குத் தோன்றுவது இது: வகுப்பு ஒரு மணி நேரத்தைத் தருகிறது, ஒரு மணி நேரத்தை எடுத்தும் கொள்கிறது. கட்டாயத்தால் கிடைத்த மணி நேரம் மாணவர் சும்மா கழித்திருக்கக்கூடிய நேரத்திலிருந்து வந்தால் லாபம். அவர் தானே உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கக்கூடிய நேரத்திலிருந்தோ, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய் வந்து களைத்த உடம்பிலிருந்தோ வந்தால் நஷ்டம். எந்த மாணவருக்கு எது என்று 75 என்ற ஒற்றை எண்ணுக்குத் தெரியாது.

வகுப்பு எந்த வேலையைச் செய்கிறது

வகுப்பின் பலனை மொத்தமாக எடைபோடுவதை விட்டுவிட்டு, அது செய்யும் வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்தால் விஷயம் தெளிவாகிறது.

1. கால அட்டவணை. வகுப்பு இருப்பதால் பாடம் வாரத்துக்கு மூன்று முறை காதில் விழுகிறது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இலேயே மறதியை அளந்து காட்டினார். ஒரே மூச்சில் படித்ததைவிட இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தது நினைவில் தங்குகிறது. இடைவெளி விட்டுப் படிக்கும் ஒழுங்கு தன்னிடம் இல்லாத மாணவருக்கு வகுப்பு அதை இலவசமாகத் தருகிறது.

2. தேர்ந்தெடுத்தல். 800 பக்கப் பாடநூலில் எது அடித்தளம், எது அலங்காரம் என்று புதிதாகப் படிப்பவருக்குத் தெரியாது. ஆசிரியர் எதற்கு மூன்று வகுப்பு எடுத்துக்கொள்கிறார், எதைப் பத்து நிமிடத்தில் தாண்டுகிறார் என்பதே ஒரு வழிகாட்டி.

3. மொழி. தமிழ்நாட்டில் இதைச் சேர்க்காமல் இந்த விவாதத்தை முடிக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிக் கல்லூரியில் நுழையும் மாணவருக்குப் பாடநூல் ஒரு சுவர். வகுப்பில் ஆசிரியர் ஆங்கில வரியை எழுதிவிட்டு, "இது என்ன சொல்லுதுன்னா..." என்று தமிழில் விளக்குகிற அந்த இரண்டு நிமிடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வகுப்பை விட்டால் இவர் இழப்பது பாடத்தை மட்டுமல்ல, பாடத்தைத் திறக்கிற சாவியையும்.

4. திருத்தம். தவறாகப் புரிந்துகொண்டு தனியாக ஒரு மாதம் படித்தால், தவறு ஒரு மாதத்துக்கு உறுதிப்படுகிறது. பக்கத்து பெஞ்சில் இருப்பவர் கேட்கிற கேள்வியிலேயே நம் தவறு வெளிப்பட்டுவிடும்.

5. துணை. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களின் கைபேசித் தரவை வைத்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று, வருகையைப் பதிவேட்டுக்குப் பதிலாக இருப்பிடத்தைக் கொண்டே அளந்தது. செமஸ்டர் தொடக்கத்திலிருந்தே சீராக வந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். நெருங்கிய நண்பர்களின் வருகையும் ஒன்றையொன்று ஒத்திருந்தது. நண்பர்கள் ஒருவரை ஒருவர் இழுக்கிறார்களா, ஒரே மாதிரியானவர்கள் நண்பர்களாகிறார்களா என்று அந்தத் தரவு பிரித்துச் சொல்லவில்லை. நம் கல்லூரிகளில் வகுப்பே கூட்டாக வராமல் இருக்கிற மாஸ் பங்க் எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்கள் இரண்டுமே நடக்கிறது என்பார்கள்.

இந்த ஐந்தையும் வேறு வழியில் செய்துகொள்ள முடிகிறவர் வகுப்புக்குப் போகாமலே நன்றாகப் படிக்கலாம். அஞ்சல்வழியிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களிலும் படித்து முடித்தவர்கள் அதற்குச் சாட்சி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பல பாடங்களில் விரிவுரைக்கு யாரும் வருகை எடுப்பதில்லை. ஆனால் ஒன்றிரண்டு மாணவர்கள் ஆசிரியர் முன் உட்கார்ந்து, தாங்கள் எழுதிக்கொண்டு வந்ததைப் பற்றிப் பேசுகிற சிறு சந்திப்பு வாராவாரம் இருக்கிறது. அதற்கு வராமல் தப்பிக்க முடியாது. 'அங்கே அட்டெண்டன்ஸ் கிடையாது தெரியுமா' என்று சொல்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

செய்முறைக்கூடம், மருத்துவமனை வார்டு, சர்வே முகாம் பற்றித் தனியாக வாதிட ஒன்றுமில்லை. நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு மாற்று கிடையாது.

வகுப்பே சரியில்லை என்றால்

மாணவர் தரப்பில் கேட்கிற நியாயமான வாதம் இது. பவர்பாயிண்ட் பக்கங்களை வரிக்கு வரி வாசிக்கிறார்கள், அதே கோப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது, எதற்காக உட்கார வேண்டும்?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2011-இல் வெளியான சோதனை இதற்கு நேரடியாகப் பேசுகிறது. முதலாண்டு இயற்பியலில் இரண்டு பெரிய பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 260-க்கு மேற்பட்ட மாணவர்கள். ஒன்றில் அனுபவமும் நல்ல பெயரும் உள்ள பேராசிரியர் வழக்கம்போல் விரிவுரை எடுத்தார். இன்னொன்றில் ஒரே ஒரு வாரம், அனுபவம் குறைந்த ஆசிரியர்கள், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமனின் குழுவினர் வகுத்த முறையில் நடத்தினார்கள். முன்கூட்டியே சில பக்கம் படித்துவர வேண்டும், வகுப்பில் கேள்விக்குச் சிறு குழுவாகப் பேசி விடை சொல்ல வேண்டும், உடனுக்குடன் திருத்தம். அந்த வாரப் பாடம் முடிந்ததும் இரு பிரிவுக்கும் ஒரே தேர்வு. விரிவுரைப் பிரிவின் சராசரி 41 சதவீதம், மற்றதன் சராசரி 74. அந்த வாரம் அந்தப் பிரிவில் வருகையும் 57-லிருந்து 75 சதவீதத்துக்கு ஏறியது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்களைச் செயலில் ஈடுபடுத்திய வகுப்புகளில் 21.8.

இங்கே மாணவருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஹார்வர்டில் நடந்து 2019-இல் வெளியான இயற்பியல் ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள் நன்றாகப் புரிந்துவிட்டதாக நம்பினார்கள், மதிப்பெண்ணோ குறைவு. அதனால் 'இந்த வகுப்பில் ஒன்றுமே ஏறவில்லை' என்ற உணர்வை வைத்து மட்டும் ஒரு வகுப்பைக் கழித்துக் கட்டிவிடக் கூடாது. மூளை சிரமப்படுகிற நேரம் பல சமயம் கற்கிற நேரம்.

வினாத்தாள் செய்கிற கெடுதல்

'நன்றாகச் செய்வது' என்றால் என்ன என்று இதுவரை கேட்காமல் வந்துவிட்டோம். பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், அப்புறம் பெரிய கேள்விகள், முந்தைய ஐந்தாண்டு வினாத்தாளிலிருந்து பாதிக்குமேல் திரும்ப வரும் வழக்கம். இப்படி ஒரு தேர்வு இருந்தால், ஸ்டடி ஹாலிடேயில் கேள்வி வங்கியும் லோக்கல் ஆத்தர் புத்தகமும் போதும். வகுப்புக்கு வந்தவருக்கும் வராதவருக்கும் வித்தியாசம் மங்கிவிடும். 'நான் போகவே இல்லை, 80 வாங்கினேன்' என்று சொல்கிற சீனியர் பொய் சொல்லவில்லை. அவர் தேர்வின் தரத்தைப் பற்றிச் சொல்கிறார், தெரியாமலே.

அந்தப் படிப்பு எவ்வளவு நாள் நிற்கும் என்பது வேறு கதை. மூன்றாம் செமஸ்டரில் 80 வாங்கிய பாடத்தில் ஏழாம் செமஸ்டரில் கேம்பஸ் இன்டர்வியூவில் ஓர் அடிப்படைக் கேள்வி வருகிறது, வாய் திறக்க முடியவில்லை. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வுக்கு உட்கார்ந்தால் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் வராத இந்த நஷ்டத்தை எந்த வருகை ஆய்வும் முழுமையாக அளக்கவில்லை.

வீடியோ இருக்கிறதே

ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் வீடியோ பாடங்கள் இன்று எந்தக் கிராமத்து மாணவருக்கும் கிடைக்கின்றன. நல்ல ஆசிரியர் இல்லாத கல்லூரியில் படிப்பவருக்கு இது பெரிய கொடை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் மேலே சொன்ன ஐந்து வேலைகளில் வீடியோ நன்றாகச் செய்வது தேர்ந்தெடுத்தலை மட்டும்தான். கால அட்டவணையை அது தருவதில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிய முப்பது மணி நேர வீடியோ, தேர்வுக்கு முந்தைய வாரம் இரட்டை வேகத்தில் ஓடுகிறது.

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியபோது இந்தச் சிக்கலை யோசித்திருப்பது தெரிகிறது. பாடங்கள் பதிவு செய்யப்பட்ட வீடியோக்கள். யாரும் பெயர் கூப்பிடுவதில்லை. ஆனால் வாராவாரம் ஒப்படைப்புகளை முடிக்க வேண்டும், அவற்றில் குறைந்தபட்சச் சராசரி இருந்தால்தான் தேர்வுக்கு உட்கார முடியும், தேர்வு நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததற்குப் பதிலாக, வாரந்தோறும் பாடத்தைத் தொட்டதை அளக்கிறார்கள். வருகைப்பதிவு எதை அளக்க விரும்பியதோ அதற்கு இது நெருங்கி வருகிறது.

யார் தவிர்க்கக் கூடாது

ஆய்வுகளையும் நம் கல்லூரி நிலவரத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்த மாணவர்களுக்கு வகுப்பு அதிகம் தேவைப்படுகிறது:

1. முதலாண்டு மாணவர்கள். தனியாகப் படிக்கும் பழக்கம் இன்னும் உருவாகவில்லை, எதை விடலாம் என்று தீர்மானிக்கும் அறிவும் வரவில்லை.
2. குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். வீட்டில் கேட்க ஆள் இல்லை. கல்லூரியில் கிடைக்கும் தகவலில் பாதி வகுப்பு முடிந்து வெளியே வரும்போது காதில் விழுவதுதான்.
3. பயிற்றுமொழி மாறியவர்கள்.
4. கணிதம், இயற்பியல், நிரலாக்கம் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பாடம் படிப்பவர்கள். இரண்டு வாரம் விட்டால் மூன்றாவது வாரம் அந்நிய பாஷை.
5. இடைத்தேர்வில் சராசரிக்குக் கீழே வந்தவர்கள். கலிஃபோர்னியா ஆய்வு இவர்களைப் பற்றியதுதான்.

வேதனை என்னவென்றால், வகுப்பை விட்டுவிடும் சாத்தியம் அதிகம் உள்ளவர்களும் இவர்களிலேயே நிறைய. புரியவில்லை என்பதால் வருவதில்லை, வராததால் இன்னும் புரிவதில்லை.

இவர்களோடு இன்னொரு கூட்டம் இருக்கிறது. காலையில் பால் பாக்கெட் போட்டுவிட்டு, இரவில் கேட்டரிங்குக்கோ டெலிவரிக்கோ போய்விட்டு வருகிறவர்கள். ஊரிலிருந்து வரும் ஒரே பஸ் தாமதமானால் முதல் பீரியட் போய்விடும் மாணவிகள். வீட்டில் நோயாளி இருப்பவர்கள். அவர்கள் கட் அடிக்கவில்லை. ஆனால் பதிவேட்டில் விழுவது அதே எழுத்து. படிப்பில் கெட்டிக்காரர், புத்தகத்தை வைத்தே சமாளிப்பவர், கேன்டீனில் உட்கார்ந்திருப்பவர், மூட்டை தூக்குகிறவர் எல்லாரும் ஒரே 64 சதவீதத்தில் நிற்பார்கள். கண்டோனேஷன் கட்டணம் கட்ட முடியாதவர் அவர்களில் யார் என்று சொல்லத் தேவையில்லை.

கட்டாயத்தின் விலையும் மாற்றும்

கிரடே குழுவின் 2010 ஆய்வு இன்னொன்றையும் கணக்கிட்டது. கட்டாய வருகை விதி சராசரி மதிப்பெண்ணை உயர்த்துகிறது, ஆனால் கொஞ்சம்தான். வருகைக்கும் மதிப்பெண்ணுக்கும் அத்தனை நெருக்கமான தொடர்பு இருந்தும், விதி போட்டு வரவழைத்தால் பலன் சுருங்கிவிடுகிறது. உடம்பு வருகிறது, வராதவருக்காக இன்னொருவர் குரல் கொடுக்கும் ப்ராக்ஸி வருகிறது, கடைசி பெஞ்சில் கைபேசி வருகிறது. இதைவிட மோசமான விளைவு ஒன்றும் உண்டு. அறை நிரம்பியிருப்பதால் தன் வகுப்பு எப்படி இருக்கிறது என்பதே ஆசிரியருக்குத் தெரியாமல் போகிறது.

அதற்காக விதியை முழுவதும் எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? மேலே சொன்ன ஐந்து வகை மாணவர்கள் முதலில் காணாமல் போவார்கள் என்பது என் அச்சம். வருகையைப் பதிவு செய்ய வேண்டும், ஆனால் தண்டிக்கும் கருவியாக அல்ல, கண்டுபிடிக்கும் கருவியாக. டெல்லி தீர்ப்பில் தேர்வுத் தடை நீக்கம்தான் தலைப்புச் செய்தி ஆனது. வாராவாரம் தெரிவி, மாதாமாதம் வீட்டுக்குச் சொல், கூடுதல் வகுப்பு எடு என்ற பகுதியை யாரும் பெரிதாகப் பேசவில்லை. என் கணிப்பில் அந்தத் தீர்ப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதோடு வாரந்தோறும் ஒரு சிறு ஒப்படைப்பும், மனப்பாடத்தால் கடக்க முடியாத வினாத்தாளும் சேர்ந்தால், 74-க்கும் 76-க்கும் இடையே நடக்கிற சண்டைக்கு வேலை இருக்காது.

இதற்குப் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் வருகை ஏற்கெனவே செயலியில்தான் பதிவாகிறது. பயோமெட்ரிக் கருவிக்குச் செலவழித்தாயிற்று. தொடர்ந்து நான்கு வகுப்பு வராத ஒரு பெயர் நான்காவது வாரத்தில் திரையில் தெரியும்போது, வகுப்பு ஆசிரியர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு "என்னப்பா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் செமஸ்டரில் இன்னும் பத்துப் பதினொரு வாரம் கையில் இருக்கிறது. அதே பெயர் கடைசி வாரத்தில் அறிவிப்புப் பலகையில் டிடெயின் பட்டியலில் வரும்போது அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது அடுத்த ஆண்டு ஜூனியர்களோடு உட்காருவது, அல்லது திரும்பி வராமலே போய்விடுவது.